ஹவாய் மலசாதா போர்த்துகீசியப் பண்டமா? வீட்டில் சுட்டால் உள்ளே வேகாமல் போவது ஏன்?

ஆமாம், போர்த்துகீசியப் பண்டம்தான்: ஈஸ்ட் சேர்த்த மாவை எண்ணெயில் பொரித்துச் சர்க்கரையில் புரட்டும் இனிப்பு. 1878-இல் போர்ச்சுகலின் மதேராத் தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஹவாய் வந்தவர்களும், பிறகு அதே நாட்டின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்தவர்களும் கொண்டுவந்தது. ஈஸ்டருக்கு முந்தைய கிறிஸ்தவ நோன்பான தவக்காலம் தொடங்குமுன் வீட்டிலுள்ள முட்டை, கொழுப்பைத் தீர்க்கச் சுட்டார்கள். அதனால்தான் தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாய் ஹவாயில் இன்றும் 'மலசாதா நாள்'.

டோனட் போல நடுவில் ஓட்டை கிடையாது. கிரீம் அடைப்பதெல்லாம் பின்னால் வந்தது.

வீட்டில் செய்ய, அரை கிலோ மைதாவுக்கு 3 முட்டை, 200 மி.லி. வெதுவெதுப்பான பால், 60 கிராம் வெண்ணெய், 60 கிராம் சர்க்கரை, 7 கிராம் உலர் ஈஸ்ட், சிட்டிகை உப்பு. மாவு கையில் ஒட்டும்; ஒட்டட்டும். மேலும் மைதா தூவினால் பன் மாதிரி இறுகிவிடும். இருமடங்கு உப்பும்வரை மூடி வையுங்கள்.

உள்ளே வேகாததற்குப் பெரும்பாலும் எண்ணெயின் சூடுதான் காரணம். 175 டிகிரி செல்சியஸ் போதும். 190-ஐத் தாண்டினால் மேலே கருகும், நடுவில் பச்சை மாவு நிற்கும். 160-க்குக் கீழே போனால் எண்ணெய் குடிக்கும். எலுமிச்சை அளவு எடுத்து, எண்ணெய் தொட்ட விரலால் தட்டையாக இழுத்துப் போடுங்கள். சூடு ஆறுமுன் சர்க்கரையில் புரட்டாவிட்டால் ஒட்டாது.