போல்ட் ஆக்‌ஷன் ரைபிளில் ஃபயரிங் பின் தொகுதியை ஏன் மாற்றுகிறார்கள்?

ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்துத் தள்ளுகிறோமே, அந்த உருளைதான் போல்ட். அதற்குள் ஒரு நீளமான எஃகு ஊசி, அதைச் சுற்றி ஸ்பிரிங், பின்முனையில் டிரிகரோடு மாட்டிக்கொள்ளும் ஒரு துண்டு. இவை எல்லாம் சேர்ந்ததுதான் ஃபயரிங் பின் தொகுதி.

எலிப்பொறி மாதிரிதான் இதன் வேலை. கொக்கி விலகும்வரை ஸ்பிரிங் விசையைப் பிடித்து வைத்திருக்கும். டிரிகரை அழுத்தியதும் ஊசி பாய்ந்து, தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமரைக் குத்தும். பிரைமர் தீப்பற்றி உள்ளே இருக்கும் மருந்தைப் பற்றவைக்கும்.

பல ஆண்டுகளில் ஸ்பிரிங் தளரும், ஊசிமுனை தேயும், சில சமயம் ஒடியும். முனை போல்ட் முகப்பைத் தாண்டி நீட்டும் அளவு பல ரைபிள்களில் சுமார் 1.5 மி.மீ.தான். அது குறைந்தால் குண்டு வெடிக்காது. கூடினால் பிரைமர் ஓட்டையாகி, சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பீறிடலாம். அதனால்தான் புதிய தொகுதி சரியாகப் பொருந்தினாலும், துப்பாக்கிப் பழுது தெரிந்தவர் அளந்து பார்க்காமல் விடமாட்டார். இலகுவான ஊசி வேகமாகப் பாயும் என்பதற்காகவே மாற்றும் போட்டியாளர்களும் உண்டு.

குண்டு வெடிக்கவில்லை என்றாலே ஊசி உடைந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். போல்ட்டுக்குள் கெட்டியாகிப்போன பழைய கிரீஸ் ஊசியின் வேகத்தைக் குறைத்தாலும் இதேதான் நடக்கும்.