பல்லில் பழுப்புக் கறை: வெனியர் போடலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. வவுனியா செட்டிகுளம் பக்கம் இருக்கிறேன். பல் முளைத்த காலத்தில் இருந்தே முன்பற்களில் பழுப்புக் கறை இருக்கிறது. எவ்வளவு தீட்டியும் போகவில்லை. ஆட்களுக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பேன். மூன்று மாதத்தில் கலியாணம். கனடாவில் இருக்கும் மாமி, பத்துப் பல்லுக்குப் பீங்கான் வெனியர் போடு, காசு நான் அனுப்புகிறேன் என்கிறார். போடலாமா? அக்காவின் இரண்டு வயது மகனும் எங்கள் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறான். அவனுக்கும் இப்படி வருமா?

பதில்: முதலில் ஒன்று. நீங்கள் ஒழுங்காகப் பல் தீட்டாததால் வந்த கறை அல்ல இது. வவுனியாப் பக்கத்தில் பல கிணறுகளிலும் குழாய்க் கிணறுகளிலும் புளோரைட் கூடுதலாக இருக்கிறது. நிலத்தடிப் பாறையில் இருந்து தண்ணீரில் கரைந்து வருவது அது. பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைத் தொடர்ந்து குடித்தால் பல்லின் கடினமான வெளிப்படையான எனாமல் சரியாக இறுகாமல், வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையுமாகப் பல் முளைக்கும். உங்களுக்கும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பூச்சிப்பல், சிறு வயதில் எடுத்த சில மருந்துகள், பல்லில் பட்ட அடி போன்றவற்றாலும் நிறம் மாறலாம். அதனால் ஒரு பல் வைத்தியர் நேரில் பார்த்துத்தான் முடிவாகச் சொல்ல வேண்டும்.

இனி வெனியர். பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும், நகத்தைப் போல மெல்லிய பீங்கான் ஓடு அது. அதற்கு இடம் விட, பெரும்பாலும் எனாமலில் அரை மில்லிமீற்றர் அளவுக்குச் சீவுவார்கள். கேட்கச் சின்ன அளவுதான். ஆனால் சீவிய எனாமல் திரும்ப வளராது. ஒருமுறை போட்டால் அந்தப் பல் காலம் முழுக்க ஏதோ ஒரு மூடியோடுதான் இருக்க வேண்டும். நன்றாகச் செய்த வெனியர் பொதுவாக 10 முதல் 15 வருடம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் நிற்கும். 26 வயதில் போட்டால் வாழ்நாளில் இரண்டு மூன்று தடவையாவது மாற்ற வேண்டி வரலாம். மாமி இப்போது காசு தருவார், சரி. அடுத்த தடவைக்கு யார் தருவது? உடைந்தால் ஒட்டிச் சமாளிப்பது கஷ்டம், பெரும்பாலும் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

உங்கள் வயதில், பல்லில் குழி இல்லாமல் நிறம் மட்டும்தான் பிரச்சினை என்றால், நான் வெனியரில் தொடங்கவே மாட்டேன். மேலோட்டமான பழுப்பை, அமிலம் கலந்த பசையால் மெல்லத் தேய்த்து எடுக்கும் முறை இருக்கிறது. அதில் போகும் எனாமல் மிகக் குறைவு. அதோடு உங்கள் பல்லுக்கு அளவெடுத்துச் செய்த தட்டில் வெளுக்கும் மருந்தை இட்டு, இரவில் சில வாரங்கள் போட்டுக்கொள்ளலாம். தொடக்கத்தில் பல் கூசும், வெள்ளைத் திட்டுகள் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். பிறகு அடங்கும். மிஞ்சுகிற ஒன்றிரண்டு இடங்களைப் பல்லின் நிறத்திலேயே கம்போசிட் என்ற பிசின் கலவையை வைத்து மறைக்கலாம். ஆனால் வெளுத்த கையோடு ஒட்டினால் பிடிப்புக் குறையும், இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். இவ்வளவுக்கும் மூன்று மாதம் தாராளம். கலியாணம் முடிந்து கர்ப்பமானாலோ பால் கொடுக்கும்போதோ வெளுக்கும் மருந்து வேண்டாம்.

எனாமல் குழி விழுந்து உதிர்ந்திருந்தால் கதை வேறு. அப்போது வெனியர் நல்ல சிகிச்சைதான், தயங்க வேண்டாம். ஆனால் சிரிக்கும்போது தெரிகிற, பழுதான பற்களுக்கு மட்டும் போடுங்கள். பத்து என்ற கணக்கை வைத்தியர் வாயைப் பார்த்துச் சொல்ல வேண்டும், மாமி தொலைபேசியில் சொல்லக் கூடாது. பல்லைச் சீவ முன்னர், தற்காலிகப் பூச்சு வைத்து வடிவத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எவ்வளவு சீவுவீர்கள் என்றும் கேளுங்கள். வெனியர் என்று சொல்லிவிட்டு, பல்லைச் சுற்றி முழுக்க அராவி, முழுப் பல்லையும் மூடும் உறையான கிரவுண் மாட்டுகிற இடங்களும் உண்டு. அங்கே இருந்து எழும்பி வந்துவிடுங்கள். முரசில் இரத்தம் வந்தால் முதலில் அதைச் சுகப்படுத்த வேண்டும். நித்திரையில் பல்லை நெறுமும் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வெனியர் போட்ட முன்பல்லால் எலும்பு கடிப்பது, போத்தல் மூடி திறப்பது எல்லாம் கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்தச் சின்னப் பையன்தான். அவனுடைய நிரந்தர முன்பற்கள் இப்போதுதான் முரசுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கின்றன. உங்களுக்கு வந்ததை அவனுக்கு வராமல் தடுக்க இன்னும் நேரம் இருக்கிறது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதியுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டினால் அவனுக்குக் குடிக்கவும், பால்மா கரைக்கவும், கஞ்சி காய்ச்சவும் மெல்லிய சவ்வினூடாக வடிகட்டும் ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த தண்ணீரையோ மழைநீரையோ எடுங்கள். குளிக்கக் கிணற்றுத் தண்ணீர் போதும். கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும், புளோரைட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். பற்பசையிலும் புளோரைட் இருக்கிறதே என்று அதை நிறுத்திவிட வேண்டாம். அவனுக்கு ஒரு அரிசி அளவு பசை போதும், பெரியவர் ஒருவர் தீட்டிவிட்டு வாயைத் துடைத்துவிடுங்கள்.