முன்நெற்றிச் சுழியும் ஃப்ரின்ஜும்: ஸ்மூத்தனிங்குக்கு முன்பணம் கட்டும் முன்

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: “எனக்குத் தை மாதத்தில் திருமணம். வரவேற்புக்கு முன்முடியைக் குறைத்து நெற்றியில் விழும்படி ஃப்ரின்ஜ் வெட்டிக்கொள்ள ஆசை. ஆனால் நடு நெற்றியிலிருந்து ஒரு விரல் அளவு வலப்பக்கம் தள்ளி, முடி தொடங்கும் இடத்திலேயே ஒரு சுழி இருக்கிறது. அங்கே முடி எழும்பி இடப்பக்கம் சாய்கிறது. முடியை ரசாயனத்தால் நேராக்கும் ஸ்மூத்தனிங் செய்தால் சுழி போய்விடும், 6,000 ரூபாய் ஆகும் என்கிறார் எங்கள் மேக்கப் ஏற்பாட்டாளர். செய்துகொள்ளலாமா? எனக்கு எந்த ஃப்ரின்ஜ் பொருந்தும்?”

ஸ்மூத்தனிங் வேண்டாம். முன்பணம் கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள். தலைக்கு வெளியே நாம் பார்ப்பது உயிரற்ற இழை. அது எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதைத் தோலுக்குள் சாய்வாகப் பதிந்திருக்கும் வேர்ப்பைதான் முடிவு செய்கிறது. அந்தச் சாய்வு தாயின் வயிற்றிலேயே அமைந்துவிடுகிறது. திருப்பதியில் மொட்டை போட்டாலும் திரும்ப வளரும் முடி அதே இடத்தில் அதே சுழியோடுதான் வளரும். ஸ்மூத்தனிங் கிரீம் இழையின் வடிவத்தை மாற்றும், வேரின் சாய்வை மாற்றாது. தோலில் பட்டால் புண்ணாகும் என்பதால் வேரை ஒட்டிய அரை அங்குலத்தை விட்டுவிட்டுத்தான் அதைப் பூச வேண்டும். உங்கள் சுழி எழும்புவதோ சரியாக அந்த அரை அங்குலத்தில். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது என்பதால், இன்று படிந்ததுபோல் தெரிந்தாலும் ஓரிரு மாதங்களில் புதிய முடி பழையபடி கிளம்பி, நேராக்கப்பட்ட நுனியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், வரவேற்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு மணப்பெண் என்னிடம் வந்தாள். வேறோர் இடத்தில் சுழிமேலேயே ரசாயனத்தைப் பூசி, அயர்னால் அழுத்தி அழுத்தி இழுத்திருந்தார்கள். நெற்றியோரத்தில் இருபது முப்பது முடிகள் அரை விரல் உயரத்துக்கு ஒடிந்து, அறுத்த நாற்றின் தாள்போல் நின்றன. அதற்கு மேல் வெட்ட எதுவும் இல்லை. பின் முடியைச் சற்று முன்னே கொண்டுவந்து கிளிப் போட்டு மறைத்து அனுப்பினேன். காசைக் கொடுத்துத் தேளைக் கொட்டவைத்துக்கொண்ட கதைதான். கெரட்டின் சிகிச்சை என்று பெயரை மாற்றிச் சொன்னாலும் கவனமாக இருங்கள். அவற்றில் பல, சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு ஆவியை வெளிவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-இல் வகைப்படுத்தியது. ‘ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்று புட்டியில் அச்சிட்டிருந்தாலும், உள்ளே மெத்திலீன் கிளைக்கால், அதாவது தண்ணீரில் கரைந்த ஃபார்மால்டிஹைடு, இருந்தால் விளைவு அதுதான். ஃப்ரின்ஜ் இருப்பதோ கண்ணுக்கும் மூக்குக்கும் நேர் மேலே.

உங்களிடம் இதைச் சொன்னவர் முடி வெட்டுபவர் அல்லர், ஏற்பாட்டாளர் என்பதைக் கவனியுங்கள். மண்டபம், பூ, மேக்கப் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகப் பேசும் இடைத்தரகர்கள் சிலருக்கு, தொகுப்பில் சேரும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் பங்கு உண்டு; கத்தரி வேலைக்குப் பங்கு சொற்பம். ஐ.டி.ஐ.யில் அழகுக்கலை ஓராண்டுப் படிப்பாக இருக்கும் இதே நாட்டில், பதினைந்து நாள் வகுப்புக்குச் சான்றிதழ் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு ஒருவர் ரசாயனத்தைக் கையில் எடுக்கலாம், கேட்பாரில்லை. இதை யார் கண்காணிக்க வேண்டும் என்று நானும் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இனி உங்கள் ஃப்ரின்ஜ். வீட்டிலேயே முன்முடியை நன்றாக நனைத்து, நேராக முகத்தின்மேல் சீவிவிட்டு, கை வைக்காமல் உலர விடுங்கள். அது தானாக எங்கே பிரிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் வகிடு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், சுழியின் மேலேயே வகிடு எடுத்து இடப்பக்கமாகச் சாயும் நீண்ட ஃப்ரின்ஜ் பொருந்தும். புருவத்துக்கு நேர்கோட்டில் நிற்கும் சாதனா கட் உங்களுக்கு வேண்டாம்; சுழி அதை நடுவில் பிளந்துவிடும்.

வெட்டுபவரிடம் மூன்று விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். உலர்ந்த முடியில் வெட்ட வேண்டும். ஈரத்தில் இழை நீளும், காய்ந்தால் சுருங்கும், சுழி உள்ள இடத்தில் இன்னும் மேலே ஏறும். முதல் வெட்டு மூக்கு நுனிக்கு மேல் போகக்கூடாது, ஏனென்றால் சுழியைக் கீழே இழுத்துப் பிடிப்பது முடியின் எடை மட்டுமே. அடர்த்தி குறைக்கும் பல் கத்தரி சுழியின் பக்கமே வரக்கூடாது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதை விரிவாகவே சொல்ல வேண்டும். உங்களுக்கு இயல்பாகவே சுருட்டை முடி என்றால் மேலே சொன்னதில் பாதி தேவையில்லை. சுருளுக்குள் சுழி கரைந்துவிடும். ஒரு சுருள் வலமும் மற்றொன்று இடமும் திரும்பி நிற்பதில் எது சுழி என்றே தெரியாது. புருவம் வரைகூட வெட்டலாம், சுருள் சுருளாக, இழுக்காமல். ஆனால் அதைச் சுருட்டையாகவே விட வேண்டும். காலையில் அயர்ன் போட்டு நேராக்கினால், மாலையில் கடற்காற்றின் ஈரம் பட்டதும் பாதி சுருண்டு, பாதி நேராகி, சுழி மட்டும் தனியாக எழும்பித் தெரியும்.

தலைக்குக் குளித்ததும் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு அரை மணி நேரம் இருப்பது நம் பழக்கம். ஃப்ரின்ஜ் வைத்த பிறகு முன்முடியை மட்டும் துண்டுக்கு வெளியே விட்டு, சொட்டச் சொட்ட இருக்கும்போதே டிரையரை மேலிருந்து கீழாகப் பிடித்து, தட்டைச் சீப்பால் வலமும் இடமும் மாற்றி மாற்றிச் சீவி உலர்த்துங்கள். ஈரத்தில் தளரும் இழை காயும்போது எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில்தான் இறுகும். கடைசியில் அரை நிமிடம் குளிர்ந்த காற்று. முன்முடியில் எண்ணெய் வேண்டாம். கற்றை கற்றையாகப் பிரிந்து சுழியைக் காட்டிக்கொடுக்கும்.

வெட்டுவதை முகூர்த்தத்துக்கு ஐந்து வாரம் முன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள். தவறினாலும் சற்று வளர நேரம் இருக்கும். இரண்டு வாரம் பழகிய பிறகு, தேவைப்பட்டால் கால் அங்குலம் குறைக்கலாம். முகூர்த்தத்தன்று நெற்றிச்சுட்டிக்கு நடு வகிடு வேண்டும். மூக்கு நுனி வரை நீளம் இருந்தால் ஃப்ரின்ஜை ஈரமாகவே இருபுறமும் சீவி, காதுக்கு மேல் கிளிப் போட்டு உலர்த்திவிட்டால் சுட்டி அசையாமல் நிற்கும், மாலையில் அதே முடியை நனைத்து இடப்பக்கம் இறக்கிக்கொள்ளலாம்.