வாடகைக்கு விட்ட வீட்டுக்குள் மாற்றுச் சாவியோடு போகலாமா?

கேள்வி: கோவையில் எனக்கு ஒரு மாடி வீடு இருக்கிறது. கீழே நானும் மனைவியும் இருக்கிறோம். மாடியை நான்கு வருடங்களுக்கு முன் ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டேன். வாடகை 14,000 ரூபாய், அட்வான்ஸ் ஒரு லட்சம். முதலில் 11 மாத ஒப்பந்தம் போட்டோம், அப்புறம் புதுப்பிக்கவில்லை. மாடி பாத்ரூமிலிருந்து தண்ணீர் இறங்கி எங்கள் சமையலறை சீலிங் ஊறிப்போய், மூன்று மாதமாகப் பூச்சு பெயர்ந்து விழுகிறது. பிளம்பரை அழைத்துக்கொண்டு போனால் "இப்ப முடியாது, அப்புறம் வாங்க" என்று கதவைச் சாத்துகிறார்கள். ராத்திரி பதினோரு மணி வரை டிவி சத்தம், மாடிப்படி முழுக்கச் செருப்பு, என் மனைவியை ஒருமையில் பேசியது என்று சொல்லிக்கொண்டே போகலாம். இரண்டு மாத வாடகையும் பாக்கி. கேட்டால் "ரிப்பேருக்கு நான் செலவு செய்திருக்கிறேன்" என்கிறார். போன மாதம் அவர்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தபோது, என்னிடம் இருந்த மாற்றுச் சாவியால் திறந்து பிளம்பரை வைத்து வேலையை முடித்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் அவருக்குத் தகவலும் சொன்னேன். திரும்பி வந்தவர், பீரோவில் இருந்த நான்கு பவுன் செயினைக் காணோம் என்று ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டார். சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஸ்டேஷன் ரசீது) போட்டு என்னை ஒருமுறை கூப்பிட்டு விசாரித்தார்கள். மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். என் வீட்டுக்குள் நான் போனது குற்றமா? தண்ணீரை நிறுத்தினால் காலி செய்வார்களா? எவ்வளவு சீக்கிரம் இவர்களை வெளியேற்றலாம்?

பதில்: ஐயா, டிவி சத்தம், செருப்பு, ஒருமையில் பேசியது எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் அவற்றில் ஒன்றுகூட உங்களுக்குக் கோர்ட்டில் உதவப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் சட்டம் கவனிக்கப் போகிற இடம் ஒன்றுதான். ஆள் இல்லாத நேரத்தில், எழுத்தில் நோட்டீஸ் தராமல், மாற்றுச் சாவியால் திறந்து உள்ளே போயிருக்கிறீர்கள்.

"என் வீட்டுக்குள் நான் போனது குற்றமா" என்று கேட்கிறீர்கள். பட்டா உங்கள் பேரில், வீட்டு வரி உங்கள் பேரில், சரி. வாடகைக்கு விட்ட அன்றிலிருந்து சுவாதீனம், அதாவது வீடு கைவசம் இருப்பது, அவரிடம் போய்விட்டது. அத்துமீறலில் சட்டம் பார்ப்பது சுவாதீனத்தைத்தான், சொந்தக்காரர் யார் என்பதை அல்ல. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. பழுது பார்க்கவோ, வீட்டின் நிலையைப் பார்வையிடவோ வீட்டுக்காரர் உள்ளே போகலாம். ஆனால் என்ன காரணம், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று குறிப்பிட்டு, குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். மூன்று மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரை அவசரம் என்று எந்த அதிகாரியிடமும் நிறுவ முடியாது. அந்த மூன்று மாதத்தில் ஒரு நோட்டீஸ் கொடுத்திருந்தால் போதுமே என்பார்.

இதில் எனக்கு உண்மையிலேயே வேதனை என்னவென்றால், நியாயம் உங்கள் பக்கம்தான் இருந்தது. சுவருக்குள் ஓடும் குழாயை மாற்றுவது அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி உங்கள் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், சாக்கடை அடைப்பு எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. உங்கள் பொறுப்பில் உள்ள வேலையைச் செய்யப் போன உங்களை அவர் தடுத்திருக்கிறார். முறைப்படி இரண்டு நோட்டீஸ் அனுப்பி, இரண்டு முறையும் அவர் கதவைச் சாத்தியிருந்தால், இந்தச் சட்டப்படி வாடகை விவகாரங்களைப் பார்க்கும் வாடகை அதிகாரியிடம் மனு போடுவதற்கு அதைவிட நல்ல ஆவணம் வேண்டாம். அதையெல்லாம் ஒரு சாவி கெடுத்துவிட்டது.

இப்போது நகை விஷயம். வீட்டுக்காரர்கள் சிக்கி நான் அதிகம் பார்த்திருப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பூட்டிய வீட்டுக்குள் போய்விட்டு வந்த பிறகு, அங்கே என்ன இருந்தது, என்ன இல்லை என்பதற்குச் சாட்சி யாரும் கிடையாது. செயின் இருந்ததா என்பதே சந்தேகமாக இருக்கலாம். ஆனால் நீங்கள் உள்ளே போனதில் சந்தேகமே இல்லை. உங்கள் வாட்ஸ்அப் செய்தியே அதைச் சொல்கிறது. குடியிருப்பு வீட்டில் திருட்டு என்பது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதை 305-ஆவது பிரிவில் வருகிறது. ஏழு வருடம் வரை தண்டனை உள்ள, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். கூடவே 329-ஆவது பிரிவில் வீட்டு அத்துமீறலையும் சேர்ப்பார்கள். இதுவரை உங்கள் மேல் இருப்பது சி.எஸ்.ஆர். மட்டும்தான். அது எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டால் அடுத்த வேலை முன்ஜாமீனுக்கு செஷன்ஸ் கோர்ட்டில் நிற்பது. கடைசியில் வழக்கு தள்ளுபடி ஆகலாம். ஆனால் அதற்குள் போகும் வருடங்களையும் செலவையும் நினைத்துப் பாருங்கள். அந்த நேரம் முழுக்க அந்தக் குடும்பம் மாடியில்தான் இருக்கும். வழக்கு நிலுவையில் இருப்பதை வைத்தே பேரம் பேசுவார்கள்.

உங்களுக்குச் சாதகமாக ஒரு விஷயம் இருக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அத்துமீறலைக் குற்றமாக்க வேண்டுமானால், குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமானப்படுத்தவோ, தொல்லை கொடுக்கவோ வேண்டும் என்ற எண்ணத்தோடு போனதாகக் காட்ட வேண்டும். திருடப் போகிறவர் பிளம்பரைக் கூட்டிக்கொண்டு போக மாட்டார். குழாயைச் சரி செய்துவிட்டு, குடியிருப்பவருக்குத் தாமே செய்தியும் அனுப்ப மாட்டார். அந்த வாட்ஸ்அப் செய்தி நீங்கள் உள்ளே போனதற்கு எதிர்த்தரப்புச் சாட்சி, உங்கள் எண்ணத்துக்கு உங்கள் சாட்சி. அதை அழித்துவிடாதீர்கள். பயந்துபோய்ச் செய்தியை அழித்துவிட்டு "நான் போகவே இல்லை" என்று ஸ்டேஷனில் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய மறுப்பை எதிர்த்தரப்பு போனில் இருந்த ஸ்கிரீன்ஷாட் ஒரே நிமிடத்தில் உடைத்துவிட்டது. அதன் பிறகு அவர்கள் சொன்ன உண்மையையும் யாரும் நம்பவில்லை.

பிளம்பரின் பில், எந்தக் கடையில் எந்த பைப் வாங்கினீர்கள் என்ற ரசீது, உடைத்த சுவரையும் ஊறிய சீலிங்கையும் எடுத்த போட்டோக்கள், அன்று எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு இறங்கினீர்கள் என்பது எல்லாவற்றையும் இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். வேலை நடந்த நேரம் முழுக்க பிளம்பரோடு நீங்கள் பாத்ரூமில் மட்டும் இருந்தீர்களா, வேறு அறைக்குப் போனீர்களா என்பதுதான் முதல் கேள்வியாக வரும். ஹாலில் சோபாவை நகர்த்தியிருந்தால்கூட மறைக்காமல் சொல்லுங்கள். பிளம்பரை இப்போதே பாருங்கள். அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், நடந்ததை நினைவுபடுத்தினால் போதும். அடுத்த முறை ஸ்டேஷன் கூப்பிட்டால் வக்கீல் இல்லாமல் போக வேண்டாம். கூப்பிட்டும் போகாமல் இருக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. உள்ளே அந்த வீட்டுப் பெண் தனியாக இருந்தபோது நீங்கள் சாவி போட்டுத் திறந்திருந்தால், இந்தக் கடிதத்துக்கு நான் எழுதும் பதிலே வேறாக இருந்திருக்கும். தமிழ்நாடு பெண் வன்கொடுமைத் தடைச் சட்டம், 1998 என்று ஒன்று இருக்கிறது. குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் பிளம்பரோடு கதவைத் திறந்த வீட்டுக்காரர் மேல் அந்தச் சட்டத்தில் புகார் போனால், "எனக்குத் தெரியாது" என்பது பதிலாகாது. அந்தப் பெண்ணின் பயமும் பொய்யானதாக இருக்காது. இதைப் படிக்கிற மற்ற வீட்டுக்காரர்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சாவியை எடுப்பது வீடு தீப்பிடித்தாலோ, உள்ளே யாராவது மாட்டிக்கொண்டாலோ மட்டும்தான். மற்ற நேரம் அதைத் தொடவே கூடாது.

அடுத்த கேள்வி, தண்ணீரை நிறுத்தலாமா? கூடாது. தண்ணீர், கரண்ட் இரண்டையும் வீட்டுக்காரர் நேரடியாகவோ வேறு ஆள் மூலமாகவோ நிறுத்தக் கூடாது என்று அதே சட்டத்தின் 20-ஆவது பிரிவு தடுக்கிறது. "மோட்டார் ரிப்பேர்" என்று சொல்லிவிட்டு மாடி லைனின் வால்வை மட்டும் மூடுவதை எல்லா வாடகை அதிகாரியும் பார்த்திருக்கிறார்கள். நோயாளியோ கைக்குழந்தையோ மாடியில் இருந்தால் அது இன்னும் மோசமாகப் பேசப்படும். பூட்டை மாற்றுவதும் இதே வகைதான். சட்டப்படி அல்லாமல் வெளியே தள்ளப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், வீடு யாருடையது என்ற கேள்விக்கே போகாமல் சுவாதீனத்தைத் திருப்பித் தரச் சொல்ல கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், 6-ஆவது பிரிவு. அப்புறம் நீங்களே கதவைத் திறந்து அவரை உள்ளே விட வேண்டியிருக்கும். ஏரியா ஆட்களை வைத்துப் பேசிப் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அதையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

எவ்வளவு சீக்கிரம் வெளியேற்றலாம்? உங்கள் கையில் உள்ள காரணங்கள் பலவீனமானவை. இரண்டு மாதப் பாக்கி ஒரு காரணம்தான். ஆனால் நீங்கள் கேட்பு நோட்டீஸ் அனுப்பி ஒரு மாதத்துக்குள் அவர் வட்டியோடு கட்டிவிட்டால் அந்தக் காரணம் அங்கேயே முடிந்துவிடும். அவர் கட்டிவிடுவார் என்றுதான் நினைக்கிறேன். இந்த மாதிரி ஆட்கள் அந்த ஒரு மாதத்தில்தான் ஒழுங்காக இருப்பார்கள். ரிப்பேருக்குச் செலவு செய்ததாக அவர் சொல்வதும் முழுக்கப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் பொறுப்பிலுள்ள பழுதை நீங்கள் செய்ய மறுத்து, அவர் செய்திருந்தால் வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்க முடியாது. இரண்டு மாதத்தையும் முழுசாக நிறுத்தியது தவறு. பில்லைக் கேளுங்கள். அவர் வாடகை கொடுக்க வந்தால் கோபத்தில் வாங்க மறுக்காதீர்கள். மறுத்தால் அவர் வாடகை அதிகாரியிடமே கட்டிவிட்டு, ஒழுங்கான குடியிருப்பாளர் என்று பேர் வாங்கிக்கொள்வார்.

இன்னொரு காரணம் ஒப்பந்தம். 11 மாதம் என்று போட்டால் எங்கும் பதிவு செய்ய வேண்டாம் என்பது பழைய பழக்கம். இந்தச் சட்டத்தில் எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். அதற்கு அரசு இணையதளமே வைத்திருக்கிறது. உங்களுடையது பதிவாகவும் இல்லை, காலாவதியும் ஆகிவிட்டது. அதைச் சாட்சியமாக நீட்ட முடியாது. ஒப்பந்தம் போட முடியாமல் போனதையே காரணமாக வைத்து வாடகை நீதிமன்றத்தில் வெளியேற்றக் கேட்க 21-ஆவது பிரிவில் வழி இருக்கிறது. அந்த வழியில் போகலாம். ஆனால் அவர் எதிர்த்து நடத்தினால், வாடகைத் தீர்ப்பாயம் வரை மேல்முறையீட்டுக்குப் போனால், அடுத்த வருடத் திருவிழாவுக்கும் அவர் உங்கள் மாடியிலிருந்துதான் ஊருக்குப் புறப்படுவார்.

அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். இப்போதே, சி.எஸ்.ஆர். நிலையில் இருக்கும்போதே. இரண்டு மாதப் பாக்கியை விட்டுக்கொடுங்கள். அட்வான்ஸ் ஒரு லட்சத்தையும் பிடித்தம் இல்லாமல் தருவதாகச் சொல்லுங்கள். வீடு மாறும் செலவுக்குக் கொஞ்சம் கேட்டால் அதையும் யோசியுங்கள். "தப்பு செய்யாத நான் எதற்கு 28,000 ரூபாய் இழக்க வேண்டும்" என்று மனசு கேட்காது. ஒரு முன்ஜாமீன் மனுவும் அதற்கான அலைச்சலும் அந்தத் தொகையைத் தின்றுவிடும். அதற்குப் பிறகும் வீடு காலியாகியிருக்காது. செயினுக்கான ஈடு என்று மட்டும் எந்தப் பணமும் தராதீர்கள், எழுதியும் கொடுக்காதீர்கள். அது நீங்கள் எடுத்ததை ஒப்புக்கொண்டதாகப் படிக்கப்படும்.

சமாதானத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஸ்டேஷனில் உட்கார்ந்து "இரண்டு மாதத்தில் காலி செய்கிறேன்" என்று எழுதி வாங்கிவிட்டு, அந்த நம்பிக்கையில் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தவர்கள் நிறையப் பேர். இரண்டு மாதம் கழித்து அவர் அசையவில்லை என்றால் அந்தத் தாளை வைத்து நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. போலீஸ் உங்களுக்கு வீட்டைக் காலி செய்து தராது, அது அவர்கள் வேலையும் இல்லை. வாடகை நீதிமன்றத்தில் மனு போட்டு, இருவரும் கையெழுத்திட்ட சமாதான மெமோவைத் தாக்கல் செய்து, அதன்படி உத்தரவு வாங்குங்கள். காலி செய்யும் தேதி அந்த உத்தரவில் இருக்கட்டும். தேதி தவறினால் அதை அப்படியே நிறைவேற்றக் கேட்கலாம், முதலிலிருந்து வழக்காட வேண்டியதில்லை. ஸ்டேஷனில் கொடுத்த புகாரை முடித்துக்கொள்வதாக அவர் எழுதிக் கொடுப்பதும் அதே நாளில் நடக்க வேண்டும்.

அட்வான்ஸை மூட்டை முடிச்சு இறங்கும் முன் கொடுக்க வேண்டாம். வீடு காலியானதும், ஈபி மீட்டர் ரீடிங்கை இருவரும் பார்த்துக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு அறையையும் அவர் முன்னாலேயே வீடியோ எடுத்து, சாவியை வாங்கும் கையோடு பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். சாவி ஒப்படைத்ததற்கும் அட்வான்ஸ் முழுசாகப் பெற்றதற்கும் ஒரே தாளில் அவர் கையெழுத்து வாங்குங்கள். அவரிடம் எத்தனை சாவி இருந்தது என்பதையும் அதில் எழுதுங்கள்.

அதுவரை மாடியில் மறுபடி ஒழுகினால், நோட்டீஸ் இல்லாமல் ஏறாதீர்கள். காரணம், தேதி, பகல் நேரத்தில் ஒரு மணி குறித்து ஒரு தாளில் எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள், அதையே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். அவர் இருக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரையும் கூட வைத்துக்கொண்டு போங்கள். மறுத்தால் வாசலிலிருந்தே திரும்பி வந்து, மறுத்த நேரத்தைக் குறித்து அவருக்கே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். ஸ்டேஷனுக்கு அடுத்து எந்தத் தேதி சொல்லியிருக்கிறார்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அதற்கு முன்பாகவே, சி.எஸ்.ஆர். நகல், பிளம்பர் பில், பழைய ஒப்பந்தம் மூன்றையும் எடுத்துக்கொண்டு கோவையிலேயே ஒரு கிரிமினல் வக்கீலைப் பாருங்கள்.