பதில்: குயின்ஸில் ஐந்தாம் வகுப்பு மகள், தனியார் பள்ளிச் செலவு

வணக்கம் அக்கா. அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளை, பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் சேரத் தயார்படுத்தும் 'பிரெப் ஃபார் பிரெப்' பயிற்சிக்கு அவள் டீச்சர் பரிந்துரைத்திருக்கிறார், தனியார் பள்ளிக் கட்டணத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தயங்காமல் அனுப்புங்கள். 1978-இல் கேரி சைமன்ஸ் என்ற ஆசிரியர் நியூயார்க்கில் தொடங்கியது அது. பிறகு அவள் சேரும் தனியார் பள்ளியில் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருவார்கள்.

எனக்குக் கவலை அவள் உழைப்பைப் பற்றித்தான். இரண்டு கோடை விடுமுறை, நடுவில் ஒரு வருடம் சனிக்கிழமைகளும் போய்விடும். நான் வழிகாட்டிய ஒரு பெண் ரயிலில் வீட்டுப்பாட நோட்டை மடியில் விரித்தபடியே தூங்கிவிடுவாள். அந்த மாதிரி நாட்களில் மார்க் பற்றிக் கேட்காதீர்கள், சாப்பிட்டாளா என்று மட்டும் கேளுங்கள். நேர்காணலுக்குப் பதில்களை மனப்பாடம் செய்ய வைக்கவும் வேண்டாம். வருமான வரிப் படிவங்களை இப்போதே எடுத்து வையுங்கள்; உதவித்தொகைக்குக் கேட்பார்கள்.