மூக்கு காயும் முதல் குளிர்காலம்: ஹியூமிடிஃபையர் வாங்க முன்

இலங்கையில் வட்டக்கச்சியில் இருந்து இந்த ஐப்பசியில் கனடா வந்த தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: ஸ்காபரோவில் பேஸ்மென்ட் ஒன்றில், நிலத்துக்குக் கீழே உள்ள தளத்தில் இருக்கிறோம், நாலு வயது மகனுக்கு இரவில் மூக்கால் இரத்தம் வருகிறது, எனக்கு விடிய எழும்பும்போது எச்சில் விழுங்கவே நோகிறது, கதவுக் கைபிடியைத் தொட்டால் கரண்ட் அடிக்கிறது, எல்லாரும் ஹியூமிடிஃபையர், காற்றுக்கு ஈரம் சேர்க்கிற மெஷின், வாங்கு என்கிறார்கள், எதை வாங்குவது, அதிலிருந்து வருகிற புகை பிள்ளைக்குக் கூடாதா?

தங்கச்சி, இதை நான் ஊரில், விசுவமடுவில் அம்மா வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். மூன்று நாளாக மழை. கொடியில் போட்ட துவாய் இன்னும் காயவில்லை, போத்தலில் உப்பு கசிந்துபோய்க் கிடக்கிறது. பையோடு வந்துவிட்ட என் ஈரப்பத மீற்றர் இப்போது 88 சதவீதம் காட்டுகிறது. போன தையில் ஸ்காபரோவில் என் படுக்கையறையில் இதே மீற்றர் 16 காட்டியது. இந்தக் காற்றில் வளர்ந்த பிள்ளை அந்தக் காற்றுக்குள் போனால் மூக்கின் உள்தோல் காய்ந்து வெடிக்கத்தான் செய்யும், பயப்படாதீர்கள்.

ஹீட்டர் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று பலர் சொல்வார்கள். அப்படி இல்லை. குளிர்ந்த காற்றால் நீராவியைக் கனக்கத் தாங்க முடியாது. வெளியே மைனஸ் 10 என்றால் ஒரு கன மீற்றர் காற்றில் ஏறத்தாழ 2 கிராம் தண்ணீர்தான் இருக்க முடியும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 21 பாகைக்குச் சூடானதும் 18 கிராம் வரை தாங்கக்கூடியதாகிவிடுகிறது, ஆனால் உள்ளே இருப்பது அந்த 2 கிராம்தான். அரைக் கொத்து அரிசியைச் சின்னச் சட்டியில் போட்டால் நிறைந்து தெரியும், கோயில் கிடாரத்தில் போட்டால் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், அதுதான் நடக்கிறது. மீற்றர் காட்டுகிற சதவீதம், காற்றால் தாங்கக்கூடியதில் எவ்வளவு பங்கு தண்ணீர் இருக்கிறது என்பதுதான். கரண்ட் அடிப்பதும் இதனால்தான், காய்ந்த காற்றில் உடம்பில் சேர்ந்த மின் மெல்லக் கசிந்து போக வழியில்லாமல் கைபிடியில் ஒரேயடியாகப் பாய்கிறது.

மெஷின் வாங்க முன் மீற்றர் ஒன்று வாங்குங்கள், பத்துப் பதினைந்து டொலருக்குக் கிடைக்கும். காலபோக நெல்லைக் கொடுக்கும்போது ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேல் என்றால் வாங்குகிறவர் தலையாட்டுவார், அங்கே கையால் தடவிப் பார்த்துச் சொல்வதை எவரும் ஏற்பதில்லை, மீற்றர் வைத்துத்தான் பார்ப்பார்கள். வீட்டுக் காற்றுக்கும் அப்படித்தான். 30க்கும் 50க்கும் இடையில் இருந்தால் நல்லது. வெளியே மைனஸ் 20க்குக் கீழே போகிற நாட்களில் 30ஓ அதற்குச் சற்றுக் குறைவோ போதும், அதற்கு மேல் ஏற்றினால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வடியும். 50ஐத் தாண்டினால் தூசிப் பூச்சியும் பூஞ்சணமும் பெருகும், அது பிள்ளைக்கு ஆஸ்மா இழுப்பைக் கொண்டுவரும்.

இன்னொன்று, வீட்டைக் கொஞ்சம் குளிர விடுங்கள். ஊரில் இருந்து வந்த முதல் வருடம் நாங்களும் 26இல் வைத்துக்கொண்டு மேலங்கி இல்லாமல் இருந்தோம். 26 பாகையில் 20 சதவீதம் காட்டுகிற அறை, ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே 21 பாகையில் 26 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஸ்வெற்றர் ஒன்றைப் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை காசில்லாமல் தீரும்.

அதன் பிறகும் 30க்குக் கீழேதான் என்றால் மெஷின் வாங்கலாம். நான் முதலில் வாங்கியது அல்ட்ராசொனிக், குளிர்ந்த புகை விடுகிறதே அது. விலை குறைவு, சத்தமே இல்லை. குழாய்த் தண்ணீரை ஊற்றி இரவு முழுக்க ஓடவிட்டேன். ஒரு கிழமையில் சாமிப் படக் கண்ணாடியிலும் ரீவியிலும் வெள்ளைத் தூள். ஊரில் கிணற்றுத் தண்ணீர் கொதிக்கிற கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே உப்புகள்தான். அந்த மெஷின் தண்ணீரைச் சூடாக்காமல் அதிரவைத்துத் துளியாக்குவதால், தண்ணீரில் என்ன இருக்கிறதோ அத்தனையும் காற்றுக்கு வந்து நெஞ்சுக்குள் போகிறது. கொதித்தாறின தண்ணீர் ஊற்றலாமே என்று நினைப்பீர்கள், நானும் நினைத்தேன். கொதித்தால் கிருமி சாகும், உப்பில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். கடையில் விற்கிற டிஸ்டில்ட் தண்ணீர், ஆவியாக்கி வடித்தது, அதுதான் அதற்குச் சரி, ஆனால் ஓர் இரவுக்கு இரண்டு மூன்று லீற்றர் குடிக்கிற மெஷினுக்கு அதை வாங்கிக்கொண்டே இருப்பது புதிதாக வந்த குடும்பத்துக்குச் சுமை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது திரியும் விசிறியும் உள்ளதை, எவாப்பரேற்றிவ் என்று பெட்டியில் போட்டிருக்கும். ஈரச் சாக்கைக் காற்றுப் படுகிற இடத்தில் தொங்கவிட்ட மாதிரித்தான் அது வேலை செய்கிறது. தண்ணீர் மட்டும் ஆவியாகும், உப்பு திரியிலேயே தங்கிவிடும், புகையே தெரியாது. அறையில் ஈரம் ஏற ஏற ஆவியாவது தானாகக் குறைவதால் அளவு மீறுவதும் குறைவு. விசிறிச் சத்தம் கொஞ்சம் இருக்கும், திரி உப்பேறி விறைத்தால் மாற்ற வேண்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவி விடுகிற வகை சுத்தமானதுதான், ஆனால் நாலு வயதுப் பிள்ளை ஓடித் திரிகிற வீட்டுக்கு வேண்டாம், தட்டி ஊற்றினால் உடம்பு வெந்துவிடும். வாங்க முன் வீட்டுக்காரரிடமும் கேளுங்கள், சில வீடுகளில் வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸிலேயே ஹியூமிடிஃபையர் பூட்டியிருப்பார்கள், தண்ணீர்க் குழாயைத் திறக்காமல் வருடக்கணக்காகச் சும்மா கிடக்கும்.

எதை வாங்கினாலும் கழுவுவதுதான் முக்கியம். டெங்குக் காலத்தில் இங்கே வாளியும் தொட்டியும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுவதை மறந்திருக்க மாட்டீர்கள், அந்தக் கண்ணோடு இந்தத் தாங்கியையும் பாருங்கள். ஒவ்வொரு நாளும் பழைய தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள், மூன்று நாளைக்கு ஒருக்கால் வினாகிரி விட்டுத் தேய்த்து நன்றாக அலசிக் காயவையுங்கள். வினாகிரியோடு பிளீச்சைக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். தண்ணீருக்குள் விக்ஸ், சித்தாலேப, வாசனை எண்ணெய், கிருமிநாசினி எதுவும் போடாதீர்கள். தென் கொரியாவில் தாங்கித் தண்ணீருக்குள் ஊற்றுவதற்கென்றே கிருமிநாசினி விற்றார்கள், அதைச் சுவாசித்து நுரையீரல் கெட்டுப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இறந்தது 2011இல்தான் வெளியே தெரியவந்தது. அதைப் படித்த நாளில் இருந்து சுத்தமான தண்ணீரைத் தவிர வேறு எதையும் நான் ஊற்றியதில்லை.

பேஸ்மென்ட் என்றபடியால் இன்னும் கவனம். அங்கே வெளிச்சுவர் குளிர்ந்திருக்கும், ஈரக் காற்று பட்டால் வேர்க்கும். இரண்டாவது குளிர்காலத்தில் நான் அறைக்கதவைப் பூட்டிவிட்டு முழு வேகத்தில் ஓடவிட்டு, பங்குனியில் கட்டிலை இழுத்துப் பார்த்தபோது பின்சுவரில் கறுப்புப் பூஞ்சணம், மூத்தவன் அந்த மாதம் முழுக்க இருமிக்கொண்டிருந்தான். அதனால் கட்டிலைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், மெஷினைக் கார்ப்பெற்றில் வைக்காமல் மேசையில், பிள்ளையின் முகத்துக்கு நேரே இல்லாமல் வையுங்கள். நீங்கள் பிட்டு அவிப்பதும், சோறு வடிப்பதும், உடுப்பை உள்ளே காயப்போடுவதும் ஈரம் சேர்க்கும், சில பேஸ்மென்டுகளுக்கு அதுவே போதும். மீற்றரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மகனுக்கு மூக்கால் வந்தால் நம் ஊர் வழக்கப்படி அண்ணாந்து பிடித்து உச்சியில் தண்ணீர் தட்ட வேண்டாம், இரத்தம் தொண்டைக்குள் இறங்கும். முன்னுக்குச் சாய்த்து இருத்தி, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பொத்திப் பிடியுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் இன்னொரு பத்து நிமிடம், அதற்கும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடிக்கடி வருகிறது என்றால் குடும்ப வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும், காற்றை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டு இருக்கக் கூடாது.

மீற்றரை மகனின் அறையில் வைத்து ஒரு கிழமைக்குக் காலையும் இரவும் எண்ணைக் குறித்து எனக்கு அனுப்புங்கள், வெளிக் குளிர் எவ்வளவு என்பதையும் சேர்த்து. அதைப் பார்த்துவிட்டு மெஷின் தேவையா, எந்த அளவு தேவை என்று சொல்கிறேன். தை கடைசியில் திரும்பி வருகிறேன், அதற்குள் வாங்கிவிட்டால் திரி மாற்றுவதை வீட்டுக்கே வந்து காட்டித் தருகிறேன்.