வேலைக்குச் சேர்ந்து பத்தே நாளில் விரல் போனால் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) பணம் கிடைக்குமா?

கிடைக்கும். “பத்து நாள்தானே ஆச்சு, ஒன்றும் வராது” என்று சூப்பர்வைசர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது நோய் விடுப்புப் பணத்துக்குப் பொருந்தும். வேலையில் பட்ட காயத்துக்குப் பொருந்தாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு.

விபத்து நாள் போக, குறைந்தது 3 நாளாவது வேலைக்குப் போக முடியாமல் இருந்தால் தினக்கூலியில் 90 சதவீதம் தருவார்கள். 600 ரூபாய் கூலிக்கு 540.

அப்புறம் மருத்துவ வாரியம் நிரந்தர இழப்பைக் கணக்கிடும். ஆட்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம். அதாவது அந்த 540-இல் 14 சதவீதம், நாளுக்குச் சுமார் 75 ரூபாய், ஆயுள் முழுக்க. விரலுக்கு இது குறைவுதான், என்ன செய்ய!

முதலில் கம்பெனி விபத்து அறிக்கை அனுப்பியதா என்று பாருங்கள். ‘வீட்டில் அடிபட்டது’ என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.